நடுவில் ஒரு முறம்

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்கக் கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்தார். நிவேதா என்று பெயர். படங்களுக்கு வெளிப்புறத்தில் ஒலி எடுக்கிறவர். அவர் கையில் இருந்த கருவி ஒரு சோப்புப் பெட்டி அளவுதான். அதன் தலையில் இரண்டு சின்ன மைக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் பதிந்திருந்தன. பொத்தானை அமுக்கினால் இடது தனியாக, வலது தனியாகப் பதிந்துவிடுகிறது.

“இதெல்லாம் இல்லாதப்ப லொகேஷன்ல ஸ்டீரியோ எப்படி சார் எடுத்தீங்க?” என்று கேட்டார்.

“முறம் வச்சு எடுத்தோம்மா,” என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்த பிறகு, “எங்க பசங்களுக்கு அத எழுதித் தாங்க சார்,” என்றார். வீட்டில் பேச ஆள் இல்லாதவனுக்கு எழுத உட்காருவது ஒன்றும் கஷ்டமில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் நைனார்பாளையம். ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்து, பாலிடெக்னிக் படித்து, சென்னையில் ஒரு சிறிய அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தேன். கிராமங்களில் பாட்டு, தொழில் சத்தம், சந்தைச் சத்தம் எல்லாவற்றையும் டேப்பில் பதிந்து சேர்த்து வைப்பது அவர்கள் வேலை. அமைப்பை மூடிப் பல வருஷம் ஆயிற்று, அதன் பெயர் இப்போது எதற்கு? முதல் சில வருஷங்கள் கேபிள் சுற்றினேன், பேட்டரி தூக்கினேன், டேப் வெட்டி ஒட்டினேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

எங்கள் தலைமைப் பொறியாளர் தவமணி அம்மா. கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர், பாடம் நடத்தப் பிடிக்காமல் இங்கே வந்துவிட்டார். நான் ஊரிலிருந்து கொண்டுவரும் ஒவ்வொரு டேப்பையும் அவரே கேட்பார். கேட்பதற்கு முன் வளையல்களைக் கழற்றி மேசை இழுப்பறையில் போடுவார். மின்விசிறியை நிறுத்துவார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். சத்தம் வருகிற திசையை வலது கை ஆள்காட்டி விரலால் காற்றில் காட்டிக்கொண்டே வருவார். உலக்கை இங்கே, குழந்தை அங்கே, கோழி பின்னால். டேப் முடிந்ததும் நன்றாக இருக்கிறது என்றோ மோசம் என்றோ சொல்ல மாட்டார். “நீ எங்க நின்ன?” என்று மட்டும் கேட்பார். சொல்வேன். “ஏன் அங்க நின்ன?” என்பார். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் நான் பல நாள் அவர் அறையிலிருந்து வெளியே வந்திருக்கிறேன்.

ஸ்டீரியோவை அவர் சொல்லிக்கொடுத்தது மூங்கில்துறைப்பட்டு டேப்பை வைத்துத்தான். அரவைக் காலத்தில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் மாட்டுவண்டிகள் சாலையில் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசை நகரும் சத்தத்தை எடுக்கப் போனேன். இரண்டு மைக் இருக்கிறதே என்று ஒன்றைப் புளியமரத்தடியிலும் மற்றொன்றை அதற்கு நாலு வண்டி தள்ளியும் வைத்தேன். எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு ஸ்டீரியோ என்று நினைப்பு.

தவமணி அம்மா கண்ணை மூடிக் கேட்டார். விரல் இடப்பக்கம் நின்றது. பிறகு சட்டென்று வலப்பக்கம் தாவியது. மறுபடியும் அப்படியே. ஹெட்போனைக் கழற்றினார்.

“ஏழுமலை, வண்டி நடுவுல எங்க போச்சு?”

விரலால் இடமும் வலமும் காட்டினார்.

“இடது காதுல கெளம்புது, வலது காதுல வந்து சேருது. நடுவுல கெணத்துல விழுந்துடுச்சா? உன் ரெண்டு காதும் நாலு வண்டி தள்ளியா இருக்கு?”

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தன் மூக்குக்கு நேராகச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டார். நம் இரண்டு காதுக்கும் இடையில் ஒரு சாண்தான். ஆனால் நடுவில் தலை இருக்கிறது. இடப்பக்கத்துச் சத்தம் இடது காதுக்கு முதலில், தெளிவாகப் போகிறது. வலது காதுக்குத் தலையைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் மங்கிப் போகிறது. அந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் வண்டி எங்கே வருகிறது என்று நமக்குத் தெரிகிறது. ஆகவே இரண்டு மைக்கையும் ஒரு சாண் இடைவெளியில் வை, நடுவில் தலை மாதிரி எதையாவது நிறுத்து. பாடம் இவ்வளவுதான்.

மறுவாரம் மறுபடி மூங்கில்துறைப்பட்டு போனேன். ஒரு வண்டிக்காரரிடம் மாட்டுக்குத் தீனி கட்டும் சாக்கைக் கேட்டு வாங்கி, நாலாக மடித்து, குச்சியில் விறைப்பாகக் கட்டி இரண்டு மைக்குக்கும் நடுவில் நிறுத்தினேன். இந்த முறை அம்மாவின் விரல் இடமிருந்து வலம் வரை நிற்காமல் மெதுவாக ஊர்ந்து வந்தது. “எங்க நின்ன?” என்று கேட்டார். சொன்னேன். “ஏன்?” என்றார். அன்றைக்குத்தான் அந்தக் கேள்விக்கு முதல் முறையாகப் பதில் சொன்னேன்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. ஊர்த் திருவிழாவுக்குப் போவேன், ஆனால் கொட்டுக்கு நானும் கால் அசைத்தால் சட்டை உரசும் சத்தம் டேப்பில் விழும். கல்யாண வீட்டில் எல்லாரும் பேசிச் சிரிக்கும்போது நான் ஒரு மூலையில் ஹெட்போனோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நான் நெருங்கினாலே ஜனங்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்காதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று என் அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒருவரும் கொடுக்கவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. கொஞ்ச வருஷத்தில் அது பழகிவிட்டது. ஊர் ஊராகப் போய், யாரோடும் சேராமல், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திரும்புவேன்.

கேசட் கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்திருந்த சமயத்தில் கல்வராயன் மலைக்குப் போனேன். தினை முற்றும் காலத்தில் மலைச்சரிவுக் கொல்லைகளில் பரண் கட்டி உட்கார்ந்து கிளி ஓட்டுவார்கள். வெறும் கூவல்தான், வார்த்தை இருக்காது. அதை எடுத்துவரச் சொன்னார் தவமணி அம்மா. “ஒரு ஆள் கூவுறத யார் வேணா எடுப்பாங்க. இந்தச் சரிவுல ஒருத்தர், எதிர்ச் சரிவுல ஒருத்தர் கூவணும். கேக்குறவன் பள்ளத்துக்கு நடுவுல நிக்கிற மாதிரி இருக்கணும்,” என்றார்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒரு வளைவில் பேருந்து குலுங்கியதில் மேலே வைத்திருந்த என் மைக் பெட்டி கீழே விழுந்தது. கரியாலூரில் இறங்கிச் சோதித்தால் ஒரு மைக் செத்துப்போயிருந்தது. சென்னைக்குச் சொல்லி வேறு ஒன்று வரவழைக்கும் முன் தினை அறுவடை முடிந்துவிடும்.

கரியாலூரில் மைக் செட் வைத்திருந்தவர் மணி. சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டுகிறவர் அவர்தான். போய்க் கேட்டேன்.

“ஒண்ணு தான் கீதே உன்கிட்ட, அப்பறம் இன்னாத்துக்கு இன்னொண்ணு?” என்றார். “ஒரு மைக்குல பேசினாலே மலைக்கே கேக்கும்.”

“ரெண்டு காது மாதிரி எடுக்கணும் மணி.”

அவர் துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு மைக்கை எடுத்துக் கொடுத்தார். “போன வாரந்தான் காதுகுத்துக்குப் போய் வந்துச்சி. பத்தரமா பாத்துக்க.”

எந்தக் கொல்லையில் எடுக்கலாம் என்று கேட்டதற்கு அவரே சொன்னார். கரியாலூருக்கு மேலே ஒரு சிற்றூர். அங்கே ஓடைக்கு இந்தப் பக்கச் சரிவில் வெள்ளையனின் கொல்லை, அந்தப் பக்கச் சரிவில் ராமாயியின் கொல்லை. இருவரும் புருஷன் பெண்டாட்டி. வயதானவர்கள். ராமாயி பல வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போய்த் தன் அண்ணன் கொடுத்த நிலத்தில் தனியாகக் குடியிருந்தார்.

“ஏன் பிரிஞ்சாங்க?”

“யாருக்குத் தெரியும்? ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. பேச்சுவார்த்த கெடையாது. எதுர்ல பாத்தாக்கூட ஒதுங்கிப் போய்க்கினே இருப்பாங்க. ஆனா பரண்ல ஏறிட்டா அவரு கூவி முடிக்காம இவங்க கூவ மாட்டாங்க. இவங்க முடிக்காம அவரு தொடங்க மாட்டாரு. நீயே போய்ப் பாரு.”

முதலில் வெள்ளையனிடம் போனேன். ஒல்லியான உயரமான மனிதர். பரணுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தை முழுக்கச் சொல்லி முடித்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல், “எடு,” என்றார். அவ்வளவுதான்.

ஓடையைத் தாண்டி ராமாயியிடம் போய் அதையே சொன்னேன்.

“அவரு இன்னா சொன்னாரு?” என்று கேட்டார்.

“எடுக்கச் சொன்னாரும்மா.”

“அப்பன்னா எடுங்க.”

“நாளைக்குக் காலையில எடுக்குறேன்னு அவர்கிட்ட நீங்க எதாச்சும்...”

“நான் இன்னாத்துக்குச் சொல்லணும்?” என்றார். அதோடு பரண் மேல் ஏறிவிட்டார்.

அன்று முழுவதும் எனக்கு இரண்டு மைக்குகளையும் இணை சேர்ப்பதில் போயிற்று. என் மைக் மென்மையானது. மணியின் மைக் ஊருக்குக் கேட்பதற்காகச் செய்தது, கீச்சென்று ஒலிக்கும். இரண்டையும் அருகருகே வைத்து, ஒரு தகர டப்பாவில் கடுக்காய்க் கொட்டைகளைப் போட்டுக் குலுக்கினேன். டேப் ரெக்கார்டரில் ஒலி அளவைக் காட்ட இரண்டு முள் உண்டு. இரண்டும் ஒரே இடம் வரை எழும்பும்படி திருகுகளைச் சரிசெய்தேன். அளவு பொருந்தியது, குணம் பொருந்தவில்லை. மணியின் மைக்மேல் வேட்டித் துணியை ஒரு மடிப்பு போட்டுக் கட்டினேன். இன்னும் கீச்சியது. இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு. கண்ணை மூடிக்கொண்டு குலுக்கினால் டப்பா எனக்கு நேர் எதிரே நிற்பதாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிற வரை மடித்தேன்.

தலைக்கு என்ன செய்வது? நான் தங்கியிருந்த வீட்டில் ஒரு பழைய முறம் கிடந்தது. அதன் இரண்டு பக்கமும் கம்பளித் துண்டை வைத்துத் தைத்தேன். கவட்டைக் கொம்பு ஒன்றை வெட்டி, நடுவில் முறத்தைச் செங்குத்தாகக் கட்டி, முறத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மைக், அந்தப் பக்கம் ஒரு மைக், நடுவில் ஒரு சாண். காற்றுக்கு மறைப்பாகப் பழைய சைக்கிள் சீட்டின் ஸ்பாஞ்சை வெட்டி இரண்டுக்கும் குல்லாய் போட்டேன்.

இடம் தேடுவதுதான் பெரும்பாடு. பள்ளத்தின் நடுவில் வைத்தால் ஓடைச் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். ஓடைக்கு மேலே துருத்திக்கொண்டு ஒரு பாறை இருந்தது. அதன் பின்பகுதியில் வைத்தால் தண்ணீர்ச் சத்தம் பாறைக்கு அடியிலேயே நின்றுவிடுகிறது, இரண்டு சரிவும் மட்டும் கேட்கிறது. வெள்ளையன் இடப்பக்கம், ராமாயி வலப்பக்கம். மைக்குகளை அங்கே நட்டுவிட்டு, நான் மூச்சு விடுவது விழாத தூரத்தில் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை பனி விலகியதும் கிளிகள் வந்தன. நான் டேப்பை ஓடவிட்டேன்.

இடது காதில் வெள்ளையன் கூவினார். ஆழத்திலிருந்து எழும்பி, நீண்டு, கடைசியில் மேலே ஒரு வெட்டு வெட்டி நிற்கும் கூவல். அது மலையில் பட்டு அடங்கியது. சற்றுப் பொறுத்து வலது காதில் ராமாயி. அவருடையது குட்டை, கூர்மை. கிளிக்கூட்டம் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் சிறகடித்துப் போவது தலைக்கு மேலேயே கேட்டது. மணி சொன்னது சரிதான். ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கூவவே இல்லை. நான் அதுவரை எடுத்தவற்றில் இதுதான் சிறந்தது என்று அப்போதே தெரிந்தது. பக்கத்தில் யாராவது இருந்தால் ஹெட்போனைக் கழற்றி ஒரு நிமிஷம் மாட்டிவிட்டிருப்பேன். யாரும் இல்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது இடது காதில் மூங்கில் முறிவது போல ஒரு சத்தம். உடனே பொத்தென்று கனமாக ஏதோ விழுந்தது. அப்புறம் அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

வெள்ளையனின் பரண் மரங்களுக்குப் பின்னால் இருந்ததால் என்னால் பார்க்க முடியவில்லை. ராமாயி தன் முறைக்குக் கூவினார். இடப்பக்கம் பதில் இல்லை. இன்னொரு முறை கூவினார். இல்லை. நான் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு இடப்பக்கச் சரிவை நோக்கி ஓடினேன். டேப்பை நிறுத்தத் தோன்றவில்லை.

வழியில் ஒரு பள்ளம், முழுக்க உண்ணிச்செடி. அதில் விழுந்து புரண்டு ஏறும்போது எனக்குப் பின்னால் ராமாயியின் குரல் வந்தது. இப்போது அது கூவல் இல்லை.

“இந்தா... இன்னா ஆச்சு? ஏன் கூவல? சத்தம் குடு... இந்தா, ஒரு சத்தம் குடு...”

கத்திக்கொண்டே அவரும் இறங்கி ஓடிவந்துகொண்டிருந்தார். 

பரணின் ஒரு கால் முறிந்திருந்தது. வெள்ளையன் கல் மேல் விழுந்து கிடந்தார். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. ராமாயி வந்து சேர்ந்ததும் முந்தானையைச் சுருட்டி அவர் தலைக்குக் கீழே வைத்தார். அழவில்லை. வெள்ளையனின் காலில் ஒட்டியிருந்த தினைச் சருகை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் ஓடிவந்தார்கள். எல்லாருமாக அவரைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துக் கரியாலூருக்குத் தூக்கி வந்தோம். மணி ஒரு ஜீப் பிடித்துக் கொடுத்தார்.

மலை இறங்கும்போது ராமாயி அவர் தலையை மடியில் வைத்திருந்தார். எதிரே நான். பாதி மலை இறங்கியதும் ராமாயி என்னிடம் கேட்டார்.

“நீங்க முன்னால ஓடினீங்களே. நான் கூப்ட்டது அவருக்குக் கேட்டிருக்குமா?”

“தெரியலம்மா,” என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியாது. நான் போனபோது அவர் அசையவில்லை.

“கேட்டிருக்காது,” என்று அவரே சொல்லிக்கொண்டார். “இத்தினி வருசம் கழிச்சிக் கூப்ட்டேன். கேக்காம போயிருக்கும்.”

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வெள்ளையனுக்கு நினைவு திரும்பவே இல்லை. தலையில் அடி. இரண்டு நாளில் போய்விட்டார்.

சென்னை திரும்பி டேப்பை தவமணி அம்மாவின் மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வளையல்களைக் கழற்றினார், மின்விசிறியை நிறுத்தினார், ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார். இன்னொரு ஹெட்போனில் நானும் கேட்டேன்.

விரல் இடமும் வலமும் மாறி மாறிப் போனது. மூங்கில் முறிந்த இடத்தில் நின்றது. அடுத்து என் காலடி இடப்பக்கமாக ஓடிப்போயிற்று. அத்தனை வருஷ வேலையில் நான் இருக்கிற ஒரே டேப் அதுதான். பிறகு வலப்பக்கத்தில் ராமாயியின் குரல். அம்மாவின் விரல் அதைப் பிடித்தது. குரல் சரிவில் இறங்கியது, ஓடைக்கு நேரே வந்தது, தண்ணீரில் கால் பட்டது, நடுவைத் தாண்டியது, இடப்பக்கம் ஏறியது. விரலோடு அவர் தலையும் மெல்லத் திரும்பிக்கொண்டே போனது. இந்த முறை வண்டி நடுவில் எந்தக் கிணற்றிலும் விழவில்லை என்று எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

அப்போது அம்மா கண்ணைத் திறந்தார். “நிறுத்து. பின்னால போ.”

பின்னால் போய் மறுபடி ஓடவிட்டேன். ராமாயி ஓடையைத் தாண்டி இடப்பக்கம் ஏறத் தொடங்கும்போது, ‘ஒரு சத்தம் குடு’ என்று சொன்னதற்குப் பிறகு, இடப்பக்கத்தில் மிக மெலிதாக ஒரு ‘ஓ’. அவ்வளவுதான். பள்ளத்தில் செடிக்குள் புரண்டுகொண்டிருந்த எனக்கு அது கேட்கவில்லை. மைக்குக்குக் கேட்டிருக்கிறது.

பலமுறை போட்டுக் கேட்டோம்.

“இது பதிலா, முனகலா?” என்றார் அம்மா.

“பதில் மாதிரிதாம்மா இருக்கு.”

“முனகல் மாதிரியும் இருக்கு.”

“அந்தம்மா ஜீப்புல கேட்டாங்கம்மா, அவருக்குக் கேட்டிருக்குமான்னு. கேட்டுச்சு, பதிலும் குடுத்தாருன்னு போய்ச் சொல்லிடலாம்மா. சொன்னா அவங்க மனசு ஆறும்.”

“உனக்குத் தெரியாதத நீ எப்படிச் சொல்லுவ?” குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். “டேப்ப எடுத்துட்டுப் போ. அவங்களே கேக்கட்டும். நீ எதுவும் சொல்லாத. முகத்துலயும் காட்டாத. ஆனா இப்பப் போகாத, கொஞ்ச நாள் போகட்டும். பச்சைப் புண்ணு.”

ராமாயி சரி என்று சொல்லும் வரை இந்த டேப் சேகரிப்பு அலமாரிக்குப் போகக் கூடாது என்றும் சொன்னார். தன் மேசை இழுப்பறையிலேயே அதை வைத்துக்கொண்டார்.

அடுத்த தினைப் பருவத்தில்தான் மறுபடி மலைக்குப் போனேன். இடையில் எங்கெங்கோ போய் என்னென்னவோ எடுத்தேன், ஒன்றும் நினைவில்லை. தங்கும் அறைகளில் படுத்தால் அந்த ‘ஓ’ மட்டும் வரும். சில நாள் அது பதிலாக இருந்தது. சில நாள் இல்லை.

ராமாயி தன் கொல்லையில் பரணுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. “வாங்க,” என்றார். அன்றைய சத்தம் டேப்பில் இருக்கிறது, நான் நிறுத்தாமல் ஓடிவிட்டேன், கேட்க விருப்பமா, வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறோம் என்று சொன்னேன்.

“போடுங்க,” என்றார்.

ஹெட்போனை நானே அவர் தலையில் மாட்டினேன். இடது இடதுதானா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். டேப்பை ஓடவிட்டுக் கொஞ்சம் தள்ளி, அவருக்கு என் முகம் தெரியாதபடி திரும்பி உட்கார்ந்தேன்.

“ஐய, யாரு இப்டிக் கத்தறது?” என்று ஒரு இடத்தில் கேட்டார். ஹெட்போன் மாட்டியவர்கள் போல உரக்கக் கேட்டார்.

“நீங்கதாம்மா.”

கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொரு தபா,” என்றார். திரும்பிப் பார்த்தேன். ஹெட்போனின் இடப்பக்கத்தை உள்ளங்கையால் காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். பின்னால் போய் மறுபடி போட்டேன். முடிந்ததும் ஹெட்போனை மெதுவாகக் கழற்றி, தூசு படாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“கேட்டிருக்குது அவருக்கு,” என்றார்.

எதுவும் சொல்லக் கூடாது என்பதுதான் எனக்கு உத்தரவு. ஆனாலும் கேட்டுவிட்டேன். “எப்டிம்மா சொல்றீங்க? வலியில முனகினதா இருந்தா?”

“வலின்னா அவரு வாயத் தொறக்க மாட்டாரு. பல்லக் கடிச்சிக்கினு இருப்பாரு. எங்க பையன் ஜொரத்துல போயிட்டான். அவனத் தூக்கிக்கினு போனாங்களே, அன்னிக்குக்கூட அவரு வாயில இருந்து ஒரு சத்தம் வரல. ஊரே அழுவுது, இவரு நிக்கிறாரு. அதுக்குத்தான் நான் வூட்ட வுட்டு வந்தேன். அழாத ஆளோட எப்டி இருக்கறதுன்னு.” ஹெட்போனின் ஒரு காதுப்பக்கத்தை விரலால் தடவினார். “இது வாயத் தொறந்து குடுத்த சத்தம். நான் கேட்டதுக்குக் குடுத்தது.”

இந்த டேப்பை ஆபீசில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“வச்சிக்கங்க. நான் கத்தறத மட்டும் எடுத்துடுங்க. அவரு சத்தம் இருக்கட்டும்.”

“அப்டிப் பிரிக்க முடியாதும்மா,” என்றேன். “அவரு இடப்பக்கம் இருக்காரு. நீங்க வலப்பக்கம் இருந்த வரைக்கும் பிரிச்சிடலாம். கடைசியில நீங்களும் அந்தப் பக்கமே வந்துட்டீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். எதிர்ச் சரிவைப் பார்த்தார்.

“அப்பன்னா இருக்கட்டும்,” என்றார்.

கிளிகள் வந்துவிட்டன. அவர் ஹெட்போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பரண் மேல் ஏறினார். எதிர்ச் சரிவு அந்த வருஷம் விதைக்காமல் கிடந்தது, ஆள் இல்லை. நான் மைக் எதுவும் கொண்டுபோகவில்லை. பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

மேலே ராமாயி ஒரு முறை கூவினார். அடுத்ததை உடனே கூவவில்லை. எதிரில் ஒருவர் கூவி முடிக்கிற அளவு நேரம் விட்டார். பிறகு கூவினார். நான் கரியாலூர்ச் சாலைக்கு வந்து சேரும் வரை அப்படித்தான் விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தார்.